செல்போன் மைக்ராஸ்கோப்: ஒடுகத்தூர் மலையடிவாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வேலூர் மாவட்டத்தில் லேப் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்லைடு (ரத்தமோ சளியோ தடவிய கண்ணாடித் துண்டு) பார்த்த கண். இப்போது கூப்பிடுகிற இடங்களுக்குப் போய்க் கிராம செவிலியர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் செல்போன் வழியாக ஸ்லைடு பார்ப்பது எப்படி என்று காட்டிக் கொடுக்கிறேன். அணைக்கட்டு ஆனாலும் ஆலங்காயம் ஆனாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் தொண்டைத் தண்ணீராவது மிச்சமாகும்.

செல்போன் மைக்ராஸ்கோப் என்றால் தனியாக ஒரு மெஷினா?

நாலு சங்கதிகளுக்கு ஒரே பெயரை வைத்துவிட்டார்கள். போன் கேமராவின் மேல் சின்னக் கண்ணாடி மணியையோ கிளிப் லென்ஸையோ ஒட்டிக்கொள்வது ஒன்று. காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் இரண்டாவது. போனையே உள்ளே பொருத்தி, லென்ஸ், லைட் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டியாகச் செய்வது மூன்றாவது. நாலாவது, லேபில் இருக்கும் சாதாரண மைக்ராஸ்கோப்பின் கண் வைக்கும் இடத்தில் ஒரு பிடிப்பான் மாட்டி, அதில் போனை நிறுத்துவது.

இந்தக் கடைசி ஆளை யாரும் மதிப்பதில்லை, பார்க்க அவ்வளவு புதுமையாக இல்லை என்பதால். என் அனுபவத்தில் நோயாளிக்கு அதிகம் பயன்பட்டது அதுதான்.

கடுகு அளவு கண்ணாடி மணி எப்படி இவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது?

மணி சிறிதாகச் சிறிதாக அது ஒளியைக் குவிக்கிற தூரம் குறையும், உருவம் பெரிதாகும். 3 மி.மீ. கண்ணாடி மணி ஏறக்குறைய 110 மடங்கு காட்டும். அதுவே 1 மி.மீ. என்றால் 330 மடங்கு. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி அந்தோனி வான் லேவன்ஹுக் 1670-களில் இப்படி ஒற்றைக் குட்டி லென்ஸை வைத்துத்தான் தண்ணீருக்குள் நெளிகிற உயிர்களைப் பார்த்தார். ஆக, யோசனை பழசு. போன்தான் புதுசு.

ஆனால் பெரிதாக்குவது வேறு, பிரித்துக் காட்டுவது வேறு. வேலூர் பஸ் ஸ்டாண்டில் தூரத்தில் நிற்கிற பஸ்ஸின் போர்டைப் போனில் படம் எடுத்து ஜூம் செய்து பாருங்கள். எழுத்து பெரிதாகும், ஒடுகத்தூரா ஊசூரா என்று மட்டும் தெரியாது. மணி லென்ஸிலும் அப்படித்தான். நடுவில் ஒரு வட்டம் தெளிவாக இருக்கும், ஓரமெல்லாம் கலங்கிவிடும்.

அதனால் விளம்பரத்தில் எத்தனை மடங்கு என்று போட்டிருப்பதை விடுங்கள். பார்க்க வேண்டிய பொருளின் அளவைக் கேளுங்கள். யானைக்கால் புழுவின் குஞ்சு 250 முதல் 300 மைக்ரான் நீளம். கொக்கிப்புழு முட்டை 60 மைக்ரான் நீளம், 40 அகலம். ரத்தச் சிவப்பணு 7, 8 மைக்ரான். அதற்குள் வளையம் போல உட்கார்ந்திருக்கும் மலேரியா கிருமி அதிலும் சிறு துணுக்கு. டி.பி. கிருமி 2 முதல் 4 மைக்ரான் நீளம் இருந்தாலும் அகலம் அரை மைக்ரானைத் தாண்டாது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதை யார் ஆரம்பித்தார்கள்?

போனை நோயறியும் கருவியாக மாற்றலாம் என்று ஒழுங்காகச் செய்து காட்டியது அமெரிக்காவில் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேனியல் ஃபிளெட்சர் குழு. 2009-இல் நோக்கியா என்73 போனில் லென்ஸ் குழாயைப் பொருத்தி மலேரியா, அரிவாள் செல் (சிவப்பணு அரிவாள் போல வளையும் ரத்த நோய்), டி.பி. ஸ்லைடுகளைப் படம் எடுத்தார்கள். அந்தப் போனின் கேமரா 3.2 மெகாபிக்ஸல். இன்று உங்கள் பையில் இருப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

ஃபோல்ட்ஸ்கோப் ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ், ஜிம் சிபுல்ஸ்கி குழு செய்தது; ஆய்வுக் கட்டுரை 2014-இல் வந்தது. பாகங்களின் செலவு ஒரு டாலருக்குள் என்பதுதான் அதன் பெருமை. மனு பிரகாஷ் உத்தரப்பிரதேசத்து மீரட்டில் பிறந்தவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர்.

எங்கள் பக்கத்து நோய்களில் எதற்கு இது உண்மையில் உதவும்?

முதலில் கொக்கிப்புழு. ஜவ்வாது மலைக் கிராமங்களில் குடல் புழு என்றால் பெரும்பாலும் இதுதான். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது தோல் வழியே ஏறி, குடலில் கடித்துக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். "எப்பப் பாரு அசதியா இருக்குது சார்" என்று வருகிற பெண்களின் ஹீமோகுளோபின் குறைவுக்குப் பின்னால் இது பல தடவை இருந்திருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் வருஷா வருஷம் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்களே, அப்புறம் என்ன பரிசோதனை என்பார்கள். அந்தத் திட்டம் முக்கியமாக 1 முதல் 19 வயது வரைக்கும். காட்டிலும் கழனியிலும் வெறுங்காலோடு நிற்பவர்கள் பெரியவர்கள். ஊர் முழுக்க, வயது வித்தியாசமில்லாமல் மாத்திரை கொடுத்தால் புழு பரவுவதையே நிறுத்த முடியுமா என்று பார்க்க ஒரு பெரிய ஆய்வு நடந்தது. டீவார்ம்3 என்று பெயர். ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி. இந்தியாவில் நம்முடைய திமிரியும் ஜவ்வாது மலையும். அந்த மாதிரி வேலைக்கு ஆயிரக்கணக்கில் மலம் பரிசோதிக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கேட்டோ-காட்ஸ் முறையில், அதாவது 41.7 மில்லிகிராம் மலத்தை அச்சில் அளந்து ஸ்லைடில் பரப்பிப் பார்க்கும்போது, கொக்கிப்புழு முட்டை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அப்புறம் பார்த்தால் ஸ்லைடு சுத்தமாக இருக்கும், நீங்களும் 'இல்லை' என்று எழுதிவிடுவீர்கள். மலத்தை அப்படியே டப்பாவில் வெயிலில் கொண்டுபோனாலும் முட்டை கெடும், இல்லை பொரிந்துவிடும். மலை மேலிருக்கும் பீஞ்சமந்தையிலிருந்து இறங்கி ஒடுகத்தூர் வந்து வேலூர் போய்ச் சேர்வதற்குள் பாதிக் கதை முடிந்துவிடும். அதனால் மலை மேலேயே பார்க்கிற கருவி வேண்டும்.

அப்படியானால் மணி லென்ஸை வாங்கி மலைக்கு அனுப்பிவிடலாமே?

இதைத்தான் ஒரு குழு டான்சானியாவின் பெம்பா தீவில் செய்து பார்த்து 2013-இல் எழுதியது. ஐபோன், 8 டாலர் மணி லென்ஸ், இருபக்கம் ஒட்டும் டேப், ஒரு டார்ச். அவ்வளவுதான் கருவி. சாதாரண மைக்ராஸ்கோப்பில் முட்டை தெரிந்த ஸ்லைடுகளையே அதில் வைத்துப் பார்த்தார்கள். உருண்டைப்புழுவில் நூற்றுக்கு 81 பிடிபட்டது. சாட்டைப்புழுவில் பாதிக்குக் கொஞ்சம் மேல். கொக்கிப்புழுவில் 14.

நமக்கு வேண்டியது எதுவோ அதில்தான் கோட்டை விட்டது. உருண்டைப்புழு முட்டைக்குத் தடித்த, கரடுமுரடான ஓடு, கண்ணைக் குத்தும். கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது, கண்ணாடி மாதிரி. எண்ணிக்கையும் குறைவாக இருக்கும்.

எனவே மலைக்கு என்னுடைய சிபாரிசு: சின்னதாக ஒரு நிஜ மைக்ராஸ்கோப், அதன் மேல் போன் பிடிப்பான், கீழே பவர் பேங்கில் எரியும் எல்.ஈ.டி. லைட். தூக்கிப்போகக் கொஞ்சம் கனம்தான். கருவி விலை 500 ரூபாய் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எந்தப் புழு, நூற்றுக்கு எத்தனை என்று கேளுங்கள்.

காய்ச்சல்காரர்களின் ரத்தத்தை இதில் பார்க்கலாமா?

மலேரியாவுக்குப் பார்க்கலாம். வேலூர்ப் பக்கம் இப்போது மலேரியா அரிது. ஆனால் இது ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் சீமை. கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரு சிப்பாய். வடகிழக்கு மாநிலத்திலிருந்து லீவில் வந்தவர் குளிர் ஜுரத்தோடு படுத்தால் ஸ்மியர் போடாமல், அதாவது ரத்தத்தை ஸ்லைடில் மெல்லிசாகப் பரப்பிப் பார்க்காமல், விடக்கூடாது. அதற்கு மணி லென்ஸ் போதாது. எண்ணெய் விட்டுப் பார்க்கிற நூறாம் நம்பர் லென்ஸ் (100X என்று போட்டிருக்கும்) வேண்டும். 'இல்லை' என்று சொல்வதற்கு முன் குறைந்தது நூறு இடமாவது நகர்த்திப் பார்த்திருக்க வேண்டும். ஒரே ஒரு போட்டோவை அனுப்பிவிட்டு "மலேரியா இல்லைதானே?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ரத்தத் துளியை விட்டுக் கோடு பார்க்கிற கிட் இருந்தால் அதையும் சேர்த்தே செய்யுங்கள்.

ஆனால் நம் ஊர்க் காய்ச்சலில் அதிகம் கவனிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ். சாதாரண ஸ்மியரில் அது தெரியாது. போன் வேறு விதத்தில் உதவும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே என்று தேடினால் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு சில பேருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் அவர்களே கவனித்திருக்க மாட்டார்கள். அதைச் சும்மா போன் கேமராவில், நல்ல வெளிச்சத்தில் எடுத்து டாக்டருக்கு அனுப்பினால் அதற்கான மருந்து டாக்சிசைக்ளினைச் சீக்கிரம் ஆரம்பிக்க வழி பிறக்கும். லென்ஸே இல்லாமல் ஒரு நோய் பிடிபடுகிறது.

டி.பி. சளி?

லேபில் ஏற்கெனவே இருக்கும், கிருமியை ஒளிரவைத்துக் காட்டும் எல்.ஈ.டி. ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் போனை மாட்டி, சந்தேகமான ஸ்லைடை இன்னொருவருக்குக் காட்ட உதவும். மற்றபடி சளியை ட்ரூநாட்டுக்கோ சிபிநாட்டுக்கோ (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனைகள்) அனுப்புங்கள். ஒரு மில்லி சளியில் ஆயிரக்கணக்கில் கிருமி இருந்தால்தான் ஸ்லைடில் தெரியும். மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.யா என்பதை எந்த லென்ஸும் சொல்லாது.

யானைக்காலுக்கு ராத்திரி ரத்தம் எடுப்பார்களே, அதற்கு?

இதற்குப் பொருத்தமான வேலைதான். நம் பக்கத்து யானைக்கால் புழுவின் குஞ்சுகள் ராத்திரி 10 மணியிலிருந்து 2 மணிக்குள்தான் விரல் ரத்தத்துக்கு வரும். பெரிய உருவம், உயிரோடு இருந்தால் நெளியும். நெளிவதால் சுற்றியுள்ள சிவப்பணுக்கள் தள்ளாடும். வீடியோவில் அது நன்றாகத் தெரியும்.

இந்தத் தள்ளாட்டத்தை வைத்தே பெர்க்லி குழு ஒரு கருவி செய்தது, லோவாஸ்கோப். ஆப்பிரிக்காவில் லோவா லோவா என்று ஒரு புழு. அது ரத்தத்தில் ஏராளமாக இருப்பவருக்கு ஐவர்மெக்டின் என்ற புழு மாத்திரை கொடுத்தால் மூளை பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் ஊருக்கே அந்த மாத்திரையைக் கொடுக்கும் வேலை நின்றுபோனது. கேமரூனில் 16,000-க்கும் மேற்பட்டவர்களின் விரல் ரத்தத்தை இந்தப் போன் பெட்டியில் பார்த்தார்கள். ஆளுக்கு இரண்டு, மூன்று நிமிடம். புழு அதிகம் இருந்த 340 பேரை விலக்கிவிட்டு மற்றவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரை கொடுத்தார்கள். மூளைப் பாதிப்பு ஒருவருக்கும் வரவில்லை. 2017-இல் முடிவு வெளிவந்தது. செல்போன் மைக்ராஸ்கோப் உண்மையிலேயே ஜெயித்த இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரே கேள்வி, ஒரே புழு, ஸ்டெயின் (சாயம்) வேண்டாம், பார்ப்பதும் எண்ணுவதும் போனே.

படம் மங்கலாகவே வருகிறது. போனை மாற்ற வேண்டுமா?

பத்துக்கு ஒன்பது தடவை குற்றம் போனில் இல்லை, ஸ்லைடில்.

ரத்த ஸ்மியரை எடுத்துக்கொள்வோம். ஸ்லைடின் ஓரத்தில் தீக்குச்சித் தலை அளவு ரத்தம். இன்னொரு ஸ்லைடைச் சாய்வாக வைத்து, ரத்தம் விளிம்பு முழுக்க ஓடும்வரை ஒரு நொடி பொறுத்து, ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தினால் வரி விழும். நாக்கு மாதிரி வந்து, நுனி இறகு போல மெலிந்திருக்க வேண்டும். அந்த மெலிந்த இடத்துக்குச் சற்று முன்னால்தான் பார்க்க வேண்டும்; அங்கேதான் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரவி நிற்கும். காயவிடும்போது மூடி வையுங்கள். எறும்பும் ஈயும் ஸ்மியரைத் தின்றுவிடும். சிரிக்காதீர்கள். காலையில் வந்து பார்த்தால் நடுவில் வட்டமாக ஓட்டை விழுந்திருக்கும், நானே பறிகொடுத்திருக்கிறேன்.

அடுத்தது தண்ணீர். பாலாற்றங்கரையில் போர்த் தண்ணீரின் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரில் ஸ்மியருக்குப் போடும் ஜீம்சா சாயத்தைக் கலந்தால் எல்லாம் ஒரே நீலமாக அப்பிக்கொள்ளும். டிஸ்டில்டு வாட்டரில் அமில-கார அளவை நிலையாக வைக்கும் பஃபர் மாத்திரை கரைத்து 7.2 பி.எச். வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் தண்ணீரில் மிச்சம் பிடித்துப் பத்தாயிரம் ரூபாய் போனைத் திட்டுவது நியாயமில்லை.

போனில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அகலக் கோணமும் மேக்ரோவும் வேண்டாம், முதன்மைக் கேமரா போதும். படத்தை அழகுபடுத்துகிற வசதிகளை அணைத்துவிடுங்கள்; அது முகத்துக்கு, முட்டைக்கு அல்ல. திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். விரல் பட்டால் ஆடும், எனவே 2 நொடி டைமர். சித்திரை வெயிலில் வெளியே வைத்து வேலை செய்தால் போன் சூடேறித் தானே அணைந்துவிடும். மர நிழலாவது வேண்டும்.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. கிருமியா?

ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்துங்கள். புள்ளியும் நகர்ந்தால் அது ஸ்லைடில் இருக்கிறது. நகராமல் அங்கேயே நின்றால் லென்ஸில் தூசி.

இதைச் சொல்லிக் கொடுக்காமல் ஒருமுறை நானே மாட்டிக்கொண்டேன். புதிதாகச் சேர்ந்த செவிலியப் பெண் ஒருத்தி சாயங்காலம் போன் செய்தாள். "அண்ணா, நாலு பேருக்கு மலேரியா, ஒரே வீடு." படங்களை வரிசையாகத் திறந்து பார்த்தேன். நாலிலும் மேல் வலது மூலையில், அதே இடத்தில், அதே வளையம். நாலு பேர் ரத்தத்திலும் கிருமி ஒரே மூலையில் உட்காருமா? "பாப்பா, லென்ஸை ஈரத் துணியால் துடைத்தாயா?" என்று கேட்டேன். துடைத்திருந்தாள். காய்ந்த நீர்த்துளியின் கறை அது. நல்லவேளையாக மாத்திரை கொடுக்கவில்லை. தப்பு அவளுடையதல்ல, பயிற்சி கொடுத்தவனுடையது. மெல்லிய லென்ஸ் பேப்பர் ஒரு கட்டு பையிலேயே இருக்கட்டும்.

டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். மலேரியா வளையம் அதில் காணாமல் போகலாம். 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள், முழுதாகப் போகும். ஒரு படத்துக்குப் பதில், ஃபோகஸ் திருகை மெதுவாக மேலும் கீழும் திருகியபடி எடுத்த 20 நொடி வீடியோ நல்லது. எந்த லென்ஸில் எடுத்தது, என்ன ஸ்டெயின், ஸ்மியர் போட்டு எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு வரி எழுதுங்கள். இது இல்லாமல் வருகிற படத்தை நான் திறப்பதே இல்லை.

பெயர், ஆதார் எண், முகம் எதுவும் படத்தில் வரக்கூடாது, எண் போட்டுக்கொள்ளுங்கள். நோயாளியிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி தூரத்திலிருந்து ஆலோசனை சொல்வது பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும், நோயாளியின் சம்மதமும் வேண்டும். குடும்ப குரூப்பில் போட்டுக் கருத்துக் கேட்பது கூடவே கூடாது. கேட்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

மலையில் சிக்னலே இல்லையே?

பார்ப்பதற்குச் சிக்னல் வேண்டாம், அனுப்பத்தான் வேண்டும். மேலே எடுத்து வைத்துக்கொண்டு டவர் கிடைக்கிற வளைவில் நின்று அனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும். ஸ்லைடைத் தூக்கி எறியாமல் பெட்டியில் வைத்திருந்தால் டாக்டர் மறுபடி கேட்கும்போது காட்டலாம். கொக்கிப்புழு ஸ்லைடு மட்டும் காத்திருக்காது என்று மேலேயே சொன்னேன். அதை அங்கேயே எண்ணி, எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். வந்த எண்ணை 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு இத்தனை முட்டை என்ற கணக்கு.

ஏ.ஐ. ஆப் தானே பார்த்துச் சொல்லிவிடுமாமே?

பயிற்சி கொடுத்த ஸ்லைடு மாதிரியே உங்கள் ஸ்லைடும் இருந்தால் சொல்லும். நீலம் அப்பிய ஸ்மியரைக் கொடுத்தால் அதுவும் உளறும். முட்டை எண்ணுகிற மாதிரி அலுப்பான வேலைக்கு வரட்டும், சந்தோஷம்தான். கடைசிக் கையெழுத்து மனுஷனுடையதாக இருக்கட்டும்.

வீட்டில் நாமே வாங்கிப் பார்த்து மருந்து எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம்.

ரத்தம், மலம் தொட்ட போனையே அப்புறம் காதில் வைப்பதா?

நல்ல கேள்வி, நர்ஸ்கள் கேட்பதில்லை, அவர்கள் வீட்டுக்காரர்கள்தான் கேட்கிறார்கள். வேலைக்கென்று பழைய போன் ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள், சிம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஸ்லைடைத் தொடும் கையில் உறை, போனைத் தொடும் கையில் உறை இல்லை. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் ஸ்லைடு, ஒருவர் போன். முடிந்ததும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் போனின் உடம்பைத் துடைக்கலாம். குத்திய லான்செட்டும் ஸ்லைடும் குத்தினால் கிழியாத டப்பாவில் போட்டு சுகாதார நிலையத்துக்குத் திரும்ப வர வேண்டும், ஓடையில் அல்ல.

என் பையன் எட்டாவது படிக்கிறான், ஃபோல்ட்ஸ்கோப் கேட்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

தாராளமாக. நோய் பார்க்க அல்ல, பார்க்கப் பழக. முதலில் வெங்காயத்தின் உள்தோல், கண்ணாடி போல உரியுமே, அதை ஒரு சொட்டு தண்ணீரில் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் வீட்டுத் தொட்டித் தண்ணீரின் அடியிலிருந்து ஒரு சொட்டு. அதைப் பார்த்த அன்றைக்கே தொட்டியைக் கழுவச் சொல்லி உங்களை நச்சரிப்பான், தயாராக இருங்கள்.